தொடர்பாடும் வாகனங்களையும் தானியங்கி வாகனங்களையும் சிமுலேட்டரில் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பொறியியலும் கணினி விஞ்ஞானமும் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்காகக் கேட்கும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணினிக்குள் ஒரு வீதியை அமைத்து, அதில் வாகனங்களை ஓடவிட்டு, நடப்பதை அளப்பதைத்தான் இப்பக்கத்தில் சிமுலேஷன் என்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் கல்லடிப் பாலத்திலிருந்து காத்தான்குடி, கல்முனை வழியாக அக்கரைப்பற்றுக்குச் செல்லும் ஏ4 வீதியைச் சார்ந்தவை. நாங்கள் நாளாந்தம் பார்க்கும் வீதி என்பதால், கணினி தவறாகக் காட்டினால் உடனே கண்ணில் படும்.

கேள்வி: தொடர்பாடும் வாகனம், தானியங்கி வாகனம் இரண்டும் ஒன்றா?

இல்லை. தன் இடம், வேகம், திசை ஆகியவற்றை வானொலி அலை மூலம் பிற வாகனங்களுக்கும் வீதியோரக் கருவிகளுக்கும் அறிவித்து, அவை அறிவிப்பதைத் தானும் பெற்றுக்கொள்வது தொடர்பாடும் வாகனம். அதைச் செலுத்துபவர் சாதாரண சாரதியாகவே இருக்கலாம். தானியங்கி வாகனம் செலுத்தும் வேலையில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ தானே ஏற்கிறது. எஸ்ஏஈ என்ற வாகனப் பொறியியலாளர் அமைப்பின் ஜே3016 ஆவணம் இதனை 0 முதல் 5 வரையான ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. 2ஆம் நிலை வரை சாரதி வீதியிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. 3ஆம் நிலையில் வாகனம் தானே ஓடினாலும் அது கேட்கும்போது சாரதி பொறுப்பேற்க வேண்டும். 4ஆம் நிலையில், வரையறுத்த இடத்துக்குள்ளும் நிலைமைகளுக்குள்ளும் சாரதியின் உதவி தேவைப்படாது. செயற்றிட்டத் தலைப்பில் எந்த நிலை என்று எழுதாத மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் அப்படி ஒரு வாகனமே இல்லையே, எதற்காக இதைப் படிக்க வேண்டும்?

ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியான கார்கள் சிலவற்றில், முன்னால் தடை தெரிந்தால் தானே பிரேக் பிடிக்கும் வசதியும் ஒழுங்கையை, அதாவது வீதியில் கோடிட்ட ஓடுபாதையை, விட்டு விலகினால் எச்சரிக்கும் வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை வேறொரு நாட்டின் வீதிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஓட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் இருபுறமும் உரசிச் செல்லும் வீதியில் அவை எப்படி நடந்துகொள்ளும் என்பது இங்கிருந்தே கேட்கத் தகுந்த கேள்வி. அதைக் கேட்பதற்குக் கார் வேண்டியதில்லை, மடிகணினி போதும்.

கேள்வி: நேரடியாக வீதியிலேயே ஓட்டிப் பார்த்தால் என்ன?

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2016இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டது. அந்நாட்டில் மனிதர் ஓட்டும்போது 2013இல் 10 கோடி மைலுக்கு 1.09 உயிரிழப்பு ஏற்பட்டது. தானியங்கி வாகனம் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத நம்பிக்கையுடன் சொல்ல வேண்டுமானால், அது ஓர் உயிரிழப்பும் இன்றி 27.5 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கிலோமீற்றர் ஓட வேண்டும். நூறு வாகனங்கள் மணிக்கு 25 மைல் வேகத்தில் இரவுபகல் நிற்காமல் ஓடினாலும் இதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். இடையில் மென்பொருளை மாற்றினால் பழைய ஓட்டம் புதிய மென்பொருளுக்குச் சாட்சியாகுமா என்ற வழக்கு வேறு.

சிமுலேட்டரில் ஓடிய தூரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தானியங்கி வாகனம் செய்யும் வேமோ நிறுவனம் 2016ஆம் ஆண்டில் மட்டும் 250 கோடி மைல் கணினியில் ஓட்டியதாக அறிவித்தது. வெறும் வீதியில் நேராக ஓடிய மைல் எத்தனை இருந்தாலும் பயன் குறைவு. இக்கட்டான ஒரே நிலைமையை வேகத்தையும் தூரத்தையும் சிறிது சிறிதாக மாற்றி ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்க முடிவதில்தான் சிமுலேட்டரின் பெறுமதி இருக்கிறது.

கேள்வி: எந்த மென்பொருளில் தொடங்குவது?

நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். மென்பொருள் அந்த வரியிலிருந்து தானாக வரும். போக்குவரத்து எப்படி ஓடும், வரிசை எவ்வளவு நீளும், பத்தில் ஒரு வாகனம் தானியங்கியானால் பயண நேரம் மாறுமா என்பவை உங்கள் கேள்வியானால் சூமோ போதும். ஜேர்மன் விண்வெளி மையம் உருவாக்கி 2001 முதல் திறந்த மூலமாக வழங்கும் இம்மென்பொருள் ஒவ்வொரு வாகனத்தையும் தனித்தனியாக ஓட்டிக் காட்டும். ஆனால் அதில் வாகனம் என்பது நீளமும் அகலமும் வேகமும் கொண்ட ஒரு பெட்டிதான். கமெரா இல்லை, வெயில் இல்லை, நிழல் இல்லை.

வாகனத்தின் கமெராவும், லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடாரும் எதைப் பார்க்கும், பார்த்ததை வைத்து வாகனம் என்ன முடிவெடுக்கும் என்பது கேள்வியானால் கார்லா வேண்டும். பார்சிலோனாவின் கணினிப் பார்வை மையமும் இன்டெல், டொயோட்டா ஆய்வுப் பிரிவுகளும் சேர்ந்து 2017இல் வெளிக்கொணர்ந்த இது, விளையாட்டுகளுக்குப் பயன்படும் அன்ரியல் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டது. வாகனங்களுக்கிடையே செல்லும் செய்தி போய்ச் சேருமா என்பது கேள்வியானால், ஓம்நெட் என்ற வலையமைப்புச் சிமுலேட்டரைச் சூமோவுடன் பிணைக்கும் வெயின்ஸ் பொருத்தமானது. மூன்றும் இலவசம். பணம் கொடுத்து வாங்கும் விஸ்ஸிம், கார்மேக்கர் போன்றவை சிறந்தவை என்றாலும், அனுமதிப்பத்திரம் முடிந்த மறுநாள் உங்கள் செயற்றிட்டமும் முடிந்துவிடும்.

படம் அழகாக இருக்கிறது என்பதற்காகக் கார்லாவில் இறங்கி, மூன்று மாதத்தை நிறுவுவதிலேயே செலவழித்தவர்கள் பலர். சூமோவில் தொடங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: மட்டக்களப்பு வீதிகளின் வரைபடத்தை எப்படிக் கொண்டுவருவது?

சூமோவுடன் வரும் இணைய வழிகாட்டிக் கருவியில் இடத்தைப் பெட்டியிட்டுத் தெரிவு செய்தால், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்திலிருந்து வீதிகளை எடுத்துத் தானே வலையமைப்பாக மாற்றித் தரும். இடப்பக்கம் ஓடும் போக்குவரத்து என்ற தெரிவை இட மறந்தால், கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் எல்லாம் ஜேர்மனியில் போல வலப்பக்கமாக ஓடும்.

வந்த வரைபடத்தை அப்படியே நம்பவும் கூடாது. ஒழுங்கைகளின் எண்ணிக்கை குறிக்கப்படாத வீதிக்கு, வீதியின் வகையைப் பார்த்து மென்பொருள் ஓர் எண்ணை ஊகித்துவிடும். கல்லடியில் 2013இல் திறந்த புதிய பாலத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு நேரத்தில் ஒரு திசைக்கு மட்டும் இடம் தரும் பழைய பாலம் இருக்கிறது. அதை இருவழிப் பாதையாக எடுத்துக்கொண்டால் உங்கள் கணினியில் மட்டும் நகரத்துக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கும். சூமோவின் வலையமைப்பைத் திருத்தும் நெட்எடிட் கருவியில் ஒவ்வொரு சந்தியையும் திறந்து, நேரில் போய்ப் பார்த்ததுடன் ஒப்பிடுங்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்குவது நியாயமானது.

கேள்வி: ஓட்டோவையும் மோட்டார் சைக்கிளையும் எப்படிச் சேர்ப்பது?

செயற்றிட்டத்தின் தரம் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. சூமோவின் சாதாரணக் காருக்கு 5 மீற்றர் நீளம், முன்வாகனத்துடன் குறைந்தது 2.5 மீற்றர் இடைவெளி என்பவை இயல்பு மதிப்புகள். எங்கள் வீதிகளில் ஓடும் பஜாஜ் ஆர்ஈ வகை ஓட்டோவின் நீளம் 2.635 மீற்றர், அகலம் 1.3 மீற்றர். ஆகவே நீளம், அகலம், இடைவெளி ஆகியவற்றுடன் புதிய வாகன வகை ஒன்றை நீங்களே வரையறுக்க வேண்டும். ஓட்டோவுக்கான வேக எல்லை மணிக்கு 40 கிலோமீற்றர் என்பதால் உச்ச வேகத்தைச் செக்கனுக்கு 11.1 மீற்றர் என்று இடலாம். எல்லாரும் அதை மதித்து ஓடுகிறார்கள் என்று நீங்கள் நம்பினால்.

அதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருக்கும். சூமோ இயல்பாக ஓர் ஒழுங்கையில் வாகனங்களை ஒன்றன்பின் ஒன்றாக மட்டுமே வைக்கும், பக்கம் பக்கமாக வைக்காது. மோட்டார் சைக்கிள் பஸ்ஸின் பின்னால் பொறுமையாக வரிசையில் நிற்கும். காத்தான்குடியின் பிரதான வீதியில், நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர் எவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். பக்கவாட்டுப் பிரிப்பு அளவை 0.8 மீற்றர் போன்ற சிறிய மதிப்பாக இட்டால், ஒழுங்கை மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்து, சிறிய வாகனங்கள் இடுக்கில் நுழையத் தொடங்கும்.

முந்திச் செல்வதும் இதைப் போன்றதுதான். எதிர்த் திசை ஒழுங்கையில் ஏறி முந்துவதற்கு வலையமைப்பை உருவாக்கும்போதே அனுமதி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், அறுவடைக் காலத்தில் நெல் மூடைகளுடன் போகும் ஒரேயொரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பின்னால் அக்கரைப்பற்று வரை ஒரு ஊர்வலமே உருவாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, ஏ4 வீதியின் கொள்ளளவு போதாது என்று முடிவுரை எழுத ஆயத்தமான ஒருவரை நான் தடுத்திருக்கிறேன்.

கேள்வி: சூமோவில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. என் வழிமுறை பாதுகாப்பானது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. சூமோவின் இயல்பான ஓட்ட மாதிரி, முன்வாகனம் திடீரென நின்றாலும் மோதாத வேகத்தையே ஒவ்வொரு கணமும் தெரிவு செய்யும்படி அமைக்கப்பட்டது. விபத்து நடக்காதபடி செய்த ஓர் உலகில் விபத்து நடக்கவில்லை என்பது கண்டுபிடிப்பாகாது. மோதலுக்கு எவ்வளவு நெருங்கின என்பதை அளக்கும் கருவி ஒன்று சூமோவில் உண்டு. அதை வாகனங்களில் பொருத்தினால், இதே வேகத்தில் போனால் மோத எஞ்சியிருக்கும் நேரம், ஒருவர் கடந்த இடத்தை மற்றவர் எத்தனை செக்கன் கழித்துக் கடந்தார் என்பவற்றைப் பதிவு செய்யும். உங்கள் ஆய்வுக்கு அந்த எண்களே பயன்படும்.

கேள்வி: நெரிசலில் நின்ற வாகனம் திடீரென மறைந்து, அடுத்த சந்தியில் தோன்றுகிறது. இது வழுவா?

வழு அல்ல. 300 செக்கன் அசையாமல் நின்ற வாகனத்தைச் சூமோ தூக்கி, அதன் பாதையில் முன்னே இடமிருக்கும் வீதியில் போட்டுவிடும். ஒரு முடிச்சினால் முழு ஓட்டமும் உறையாமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. திரையில் அதற்கு எச்சரிக்கை ஒன்று ஓடும், எவரும் படிப்பதில்லை. எத்தனை வாகனங்கள் இப்படிப் பறந்தன என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாருங்கள். எண்ணிக்கை கூடினால் வரைபடத்தில் ஏதோவொரு சந்தி பிழையாக இருக்கிறது என்று பொருள். நெரிசல் குறைந்துவிட்டது என்று பொருள் கொள்ளாதீர்கள்.

கேள்வி: பத்துத் தடவை ஓட்டினேன், பத்துத் தடவையும் ஒரே விடை. நம்பகமான முடிவுதானே?

ஒரே ஓட்டத்தைப் பத்துத் தடவை பார்த்திருக்கிறீர்கள். சூமோவின் எழுமாற்று வித்து, அதாவது தற்செயல் எண்கள் தொடங்கும் எண், மாற்றாவிட்டால் எப்போதும் 23423தான். வித்தை மாற்றி மாற்றி ஓட்டி, சராசரியுடன் பரவலையும் எழுதுங்கள்.

கேள்வி: என் மாதிரி எங்கள் வீதியை ஒத்திருக்கிறது என்று எப்படிக் காட்டுவது?

கடதாசியும் பேனையும் கொண்டு போய் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. பாலத்தின் ஒரு முனையில் ஒருவரும் காத்தான்குடி எல்லையில் ஒருவரும் நின்று, கடக்கும் வாகனங்களின் இலக்கத் தகட்டின் கடைசி மூன்று எண்களையும் நேரத்தையும் எழுதி, பிறகு பொருத்திப் பார்த்தால் பயண நேரம் கிடைக்கும். கிடைத்த எண்ணிக்கையைக் கணினி தந்த எண்ணிக்கையுடன் ஒப்பிட, போக்குவரத்துப் பொறியியலாளர்கள் ஜிஈஎச் என்ற அளவைப் பாவிக்கிறார்கள்: வித்தியாசத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, இரு எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். மணிக்கு 600 வாகனங்களை நீங்கள் எண்ணி, கணினி 500 என்று காட்டியதாக வைத்துக்கொண்டால் விடை ஏறத்தாழ 4.3. விடை 5க்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது பொது வழக்கு. எண்ணிய இடங்களில் 85 சதவீதத்திலாவது அப்படி இருக்க வேண்டும்.

நாளையும் கவனித்துத் தெரிவு செய்யுங்கள். பாடசாலை 7.30க்குத் தொடங்குவதற்கு முந்திய அரைமணியும் சாதாரணக் காலையும் ஒன்றல்ல. வெள்ளி நண்பகலில் காத்தான்குடியும் கல்முனையும் வேறு ஊர்களைப் போல இருக்கும். மாமாங்கத் திருவிழா நாட்களில் எண்ணியதை வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசக் கூடாது. படுவான்கரையிலிருந்து வரும் நெல் லொறிகள் எந்த மாதத்தில் வரும் என்பதை ஒரு விவசாயியிடம் கேளுங்கள். எந்தத் தரவுத்தளமும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

கேள்வி: என் மடிகணினியில் கார்லா ஓடுமா?

கார்லாவின் 0.9 வரிசைப் பதிப்புகளுக்குக் குறைந்தது 6 ஜிகாபைட் நினைவகமுள்ள கிராபிக்ஸ் அட்டை வேண்டும். 8 இருந்தால் நல்லது. நிறுவுவதற்கு ஏறத்தாழ 20 ஜிகாபைட் வட்டு இடமும் தேவை. இல்லையென்றால் ஆய்வுகூடக் கணினியில் ஓட்டுங்கள்.

ஓடினாலும் ஓர் எச்சரிக்கை. கார்லா இயல்பாக உங்கள் நிரலுக்காகக் காத்திருக்காது. கணினி மெதுவானால், நிரல் யோசித்து முடிப்பதற்குள் வாகனம் பல மீற்றர் ஓடியிருக்கும், பக்கத்து மேசைக் கணினியில் வேறு முடிவு வரும். நிரல் முடியும்வரை கார்லாவைக் காத்திருக்கச் செய்யும் ஒத்திசைவு முறையை இயக்கி, ஒவ்வொரு படியும் 0.05 செக்கன் என்று நிலையாக இட்டபின் எடுத்த முடிவுகளையே அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: மாரி மழையில் வாகனம் எப்படி ஓடும் என்று கார்லாவில் பார்க்கலாமா?

பாதி பார்க்கலாம். மழை, வீதியில் தேங்கும் நீர், மூடுபனி, சூரியனின் உயரம் எல்லாவற்றையும் மாற்றலாம். கமெராவின் படத்தில் துளிகளும் நீரில் தெறிக்கும் ஒளியும் தெரியும். ஆனால் அம்மழை டயரை நனைப்பதில்லை. கார்லாவின் காலநிலை காட்சிக்கு மட்டுமே உரியது. வாகன இயக்கத்தை அது தொடாது. கார்த்திகை மழையில் பிரேக் தூரம் எப்படி நீளும் என்று அறிய விரும்பினால், வீதியின் அப்பகுதியில் உராய்வைக் குறைக்கும் பெட்டியை நீங்களே வைக்க வேண்டும். லைடாரின் ஒளி மழையில் மங்குவதையும் தனி அமைப்பாகவே கொடுக்க வேண்டும். இதைக் கவனியாமல், மழையிலும் என் வாகனம் அதே தூரத்தில் நின்றது என்று எழுதுவோர் கணினியில் போட்ட மழையின் படத்தை மழையென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடுகளையும் அம்பாறைப் பக்கம் வரும் யானைகளையும் சேர்க்க முடியுமா?

கார்லாவின் நடப்போர் பட்டியலில் இருப்பவர்கள் மனிதர்கள். மாட்டின் முப்பரிமாண உருவை வெளியிலிருந்து அன்ரியல் இயந்திரத்துக்குள் கொண்டுவர வேண்டும். வேலை கூடியதென்றாலும் எங்கள் வீதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. படுத்திருக்கும் மாடு நிற்கும் மாட்டைவிடத் தாழ்வானது, இருட்டில் தார்வீதியின் நிறத்தோடு கலப்பது, ஹோர்ன் அடித்தாலும் எழும்பாதது. மூன்றையும் தனித்தனிச் சோதனைகளாக வையுங்கள்.

உருவைக் கொண்டுவந்தாலும், பார்க்கும் மென்பொருள் அதை அறிந்திருக்க வேண்டும். அம்மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பாவிக்கும் படத்தொகுதிகளில் ஒன்றான, ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் திரட்டிய கிட்டி தரவுத்தொகுதியின் வகைகளில் மாடும் இல்லை, ஓட்டோவும் இல்லை. ஹைதராபாத், பெங்களூர் வீதிகளில் எடுத்த ஐடிடி என்ற இந்தியத் தொகுதியில் ஓட்டோ தனி வகையாகவே உண்டு, மாடு விலங்கு என்ற பொது வகைக்குள் வரும். எங்களுக்கு அதுவே கிட்டிய உறவு.

எவரும் எழுதாத நிலைமை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அரிசோனாவின் டெம்பே நகரில் 2018 மார்ச் 18 இரவு நடந்தது சாட்சி. ஊபரின் தானியங்கிச் சோதனை வாகனம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணை மோதலுக்கு 5.6 செக்கன் முன்பே உணர்ந்துவிட்டது. ஆனால் அவரை ஒருமுறை வாகனம் என்றும், ஒருமுறை வேறு பொருள் என்றும், ஒருமுறை சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்தி, ஒவ்வொரு மாற்றத்திலும் அவர் முன்பு எங்கிருந்தார் என்பதை மறந்தது. கடவை இல்லாத இடத்தில் ஒரு பாதசாரி கடக்கக்கூடும் என்பது அதன் வடிவமைப்பிலேயே இல்லை என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டறிந்தது. மூடையை ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நினைத்த இடத்தில் வீதியைக் கடப்பவர் எங்கள் ஊரில் ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஒருவர் இருப்பார்.

கேள்வி: வாகனங்களுக்கிடையிலான செய்திகளைச் சோதிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நேரப்படியை. சூமோவின் இயல்பான படி 1 செக்கன். 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் ஓட்டோ ஒரு படியில் 11 மீற்றர், அதாவது தன் நீளத்தைப் போல நான்கு மடங்கு தாவும். ஐரோப்பிய நியமத்தின்படி வாகனம் தன் நிலையை அறிவிக்கும் செய்தி, கடைசிச் செய்திக்குப் பின் 4 மீற்றர் நகர்ந்தாலோ, வேகம் செக்கனுக்கு அரை மீற்றர் மாறினாலோ, திசை 4 பாகை திரும்பினாலோ அனுப்பப்பட வேண்டும்; செக்கனுக்கு ஒன்றுக்குக் குறையவும் பத்துக்குக் கூடவும் கூடாது. அந்த ஓட்டோ 4 மீற்றர் நகர ஏறத்தாழ 0.36 செக்கன் போதும். ஒரு செக்கன் படியில் இவை எதுவும் வெளிப்படாது. 0.1 செக்கனுக்கு இறக்குங்கள். ஓட்டம் மெதுவாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலை மறைப்பையும் மறக்கக் கூடாது. இச்செய்திகள் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செல்பவை. கட்டடம் மறைத்தால் வெகுவாக நலியும். கல்முனையின் நெருங்கிய கடைத்தெருச் சந்தியிலும் வாவியின் மேல் திறந்த பாலத்திலும் ஒரே வீச்சு கிடைக்காது. கட்டடங்களின் எல்லைக்கோடுகளை வெயின்ஸ் ஏற்றுக்கொள்ளும். அவற்றைச் சேர்க்காத சோதனையில் எல்லாச் செய்தியும் போய்ச் சேர்ந்துவிடும்.

கேள்வி: மேற்பார்வையாளர்கள், மதிப்பீட்டாளர்கள் நியமங்களைக் கேட்கிறார்கள். எவற்றைப் படிப்பது?

வீதியின் வடிவுக்கு ஓப்பன்டிரைவ், நிகழ்வு விவரிப்புக்கு ஓப்பன்சினாரியோ. இரண்டையும் பராமரிப்பது ஆசாம் என்ற வாகனத்துறை நியம அமைப்பு. நிகழ்வு சார்ந்த பாதுகாப்பு மதிப்பீட்டுக்கு 2022இல் வந்த ஐஎஸ்ஓ 34502. இளமாணிச் செயற்றிட்டத்துக்கு இவற்றின் முதல் அத்தியாயங்கள் போதும்.

கேள்வி: நண்பர் வேறொரு சிமுலேட்டரைப் பரிந்துரைக்கிறார். மாறலாமா?

கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு மாறுங்கள். எல்ஜி நிறுவனத்தின் எஸ்விஎல் சிமுலேட்டர் பலர் விரும்பியது. 2022இல் அந்நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டது. மைக்ரோசொஃப்டின் ஏர்சிம்மும் அவ்வாறே நின்றது. பழைய பாடக்காணொளிகளில் இரண்டும் இன்னும் உயிருடன் உலாவுகின்றன.

கேள்வி: வீதியில் நின்று காணொளி எடுக்க அனுமதி தேவையா?

திணைக்களத் தலைவரின் கடிதம் இல்லாமல் போகாதீர்கள். பாலத்தருகே முக்காலியில் கமெராவை வைத்து இரண்டு மணிநேரம் நின்றால் யாராவது வந்து விசாரிப்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது, கடிதத்தைக் காட்டியதும் தேநீர்க் கடைக்காரர் நிழலில் இடம் தந்தார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை வாசியுங்கள். முகமும் இலக்கத் தகடும் தெளிவாகத் தெரியும் காணொளி உங்களுக்குத் தேவையே இல்லை. மாடி ஒன்றின் உயரத்திலிருந்து, வாகனத்தின் வகையும் அது செல்லும் கோடும் மட்டும் தெரியும்படி எடுத்தால் எண்ணுவதும் இலகு. கடற்காற்று பிற்பகலில் முக்காலியை அசைக்கும், ஆகவே காலையிலேயே எடுத்து முடித்துவிடுங்கள்.